ஒறம்பரைக்கு வந்த ஏரி

நெல்லிவரை மலையில இருந்து ஒரு ஏரி எறங்கி, பழனி வழியா, தாராபுரம் வழியா, எங்க சடையம்பாளையத்துக்கு ஒறம்பரையா வந்து ஒம்பது நாள் தங்கிட்டுப் போச்சுங்க. இதை வெளியூர்ல சொன்னா, ஏரி எப்படிங்க நடந்து வரும்னு கேக்கறாங்க. எங்கூர்ல ஒருத்தரும் அப்படிக் கேக்கலை. ஒறம்பரைன்னா எங்க பக்கத்துல விருந்தாளியும் சொந்தமும் ஒண்ணாச் சேந்தது; வந்தவங்க யாரா இருந்தாலும், எதுவா இருந்தாலும், மொதல்ல ஒரு சொம்புத் தண்ணியை நீட்டிட்டுத்தான் மத்த பேச்சு. அதனால ஏரி வந்து நின்னப்ப எங்க சனங்க கேட்ட மொதக் கேள்வி, 'தண்ணி குடுத்தீங்களா'ங்கறதுதான்.

நான் சுந்தராயி, அந்த ஊர்ல மாவு மில்லு வெச்சிருக்கறவ. என்ற மில்லுக்கு எதுத்த ஊடுதான் தெய்வசிகாமணி, கோகிலவாணி ஊடு, அங்க உப்பு தீந்தாலும் எனக்குத் தெரிஞ்சுரும். நடுவுல நான் கொஞ்சம் கடுகடுன்னு பேசினா பொறுத்துக்குங்க. மில்லுச் சத்தத்துல நாள் பூராக் கத்திக் கத்தி எனக்கு மெதுவாப் பேசற பழக்கம் போயிருச்சு.

தெய்வசிகாமணி கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில முப்பது வருசம் வேலை பாத்தவரு. நீங்க ஏறின பஸ்ஸுல என்னிக்காச்சும் ஜன்னல் ஆடாம இருந்திருந்தா அது அவரு மாட்டினதா இருக்கும். அவரு சம்சாரம் கோகிலவாணிக்கு ரெண்டு குணம். ஒண்ணு, தன்ற ஊட்டைத் தவிர வேற எங்கியும் அவளுக்குக் கண்ணு அடையாது. கண்ணாலமாகி இருபத்தெட்டு வருசத்துல பொறந்த ஊட்டுக்குப் போனாக்கூட பொழுதோட திரும்பி வந்துருவா. ரெண்டாவது, எந்த எடத்தை விட்டுக் கெளம்பினாலும் அங்க இருக்கறவங்களை 'ஒருக்கா ஊட்டுக்கு வாங்க'ன்னு கூப்புடாமக் கெளம்பமாட்டா. எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தான் கூப்புடுவோம், கேக்கறவங்களும் 'ஆகட்டுங்க, வர்றோம்'னு சொல்லிட்டு வராம இருந்துருவாங்க, ரெண்டு பக்கமும் மரியாதை நெறைஞ்சு போயிரும். ஆனா கோகிலா கூப்புட்டா அது மெய்யாலுமே கூப்புடறது. கண்ணு டாக்டரைக் கூப்புட்டா, வந்தாரு. மாட்டுக்கு ஊசி போட வந்தவரைக் கூப்புட்டா, அவரு மாமியாரையும் கூட்டிக்கிட்டு வந்து ரெண்டு நாள் இருந்தாரு.

நான் யாரையும் கூப்புடறதில்லைங்க. எங்கூர்த் தண்ணி உப்பு. என்ற கெணறு வத்தி இருபத்திரண்டு வருசம் ஆச்சு, போர்த் தண்ணியில காப்பி வெச்சா கடல்ல பால் ஊத்தின ருசிதான் வரும். பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஒருக்கா என்ற நாத்தனாரோட சம்பந்தியம்மா வந்தவங்க, அந்தக் காப்பியை ஒரு வாய் குடிச்சுட்டு, டம்ளரைச் சத்தமே இல்லாமக் கீழ வெச்சாங்க. கொட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். சத்தமில்லாம வெச்சாங்க பாருங்க, அது மனசுல அப்படியே தங்கிப் போச்சு. கோகிலா மாடு வெச்சிருக்கா, மோரைக் குடுத்துச் சமாளிச்சுக்குவா. எனக்கு மாடும் இல்லை, ஊட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு, பொறகு யாரைக் கூப்புட்டு என்ன பண்றது.

தெய்வசிகாமணி வேலையை விட்டு வந்ததும் ஒரு பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி வாசல்ல நிறுத்தி, நாலு வருசம் அதுக்குள்ளயே கெடந்தாரு. சம்சாரம் வேற ஊட்டுல தூங்கமாட்டான்னா ஊட்டையே எடுத்துட்டுப் போயிடலாம்னு அவருக்கு ரோசனை. சமையக்கட்டுல சாமான் வெக்கற அட்டாலி அதே அளவு, ஜன்னல் அதே பக்கம், காலண்டர் மாட்டற ஆணி அதே ஒசரம், கட்டிலுக்குத் தலைமாட்டுல அதே பச்சைப் பெயிண்டு. அவிய ஊட்டுச் சமையக்கட்டுக் கதவு தெறக்கறப்ப ஒரு தினுசா முனகும். அந்த முனகல் இல்லாம அவளுக்கு வெடியால விடிஞ்ச மாதிரியே இருக்காதுன்னு, முப்பது வருசமா ஆடாத கதவு மாட்டின மனுசன் ஆறு தரம் கீலை மாத்தி மாத்திப் போட்டு அதே மாதிரி முனக வெச்சாரு. 'கிறுக்குப் புடிச்சிருச்சா'ன்னு நாந்தான் மில்லுல இருந்து கத்தினேன். உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு.

எங்க போலாம்னு அவரு கேட்டதுக்கு, "தண்ணி இருக்கற எடமாப் பாத்துப் போங்க"ன்னு அவ சொன்னா. அப்படித்தான் மாசி மாசக் கடைசியில நெல்லிவரைக்குப் போனாங்க. சுத்தியும் சோலைக்காடு, மரத்து மேலெல்லாம் பாசி, நடுவுல ஏரி, ஏரிக்கரையில பூண்டு போடற நாப்பது ஊடு. கரையில டீக்கடை வெச்சிருந்த சின்னக்காமுங்கற பொம்பளை, வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "காட்டுமாடு வர்ற தடத்துல மட்டும் நிறுத்தாதீங்கண்ணே, மத்தபடி எங்க வேணா நிறுத்துங்க"ன்னு சொல்லி, ஒரு நாவமரத்தடியைக் காட்டினா.

மூணு நாள் இருந்தாங்க. மொத நாள் வெடிஞ்சு ஒம்பது மணியாகியும் கோகிலா எந்திரிக்கலை, தெய்வசிகாமணி பயந்து போயி அவ மூக்குகிட்ட வெரலை வெச்சுப் பாத்தாராம், மூச்சு நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சாம். ஏரி அலை வந்து சக்கரத்துல தட்டற சத்தம் யாரோ முதுகுல தட்டித் தூங்க வெக்கற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா. பகல்ல ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணியோரமாப் போட்டு, ஒரே கம்பளியைப் போத்திக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். இதை அவளாத்தான் சொன்னா, நான் கேக்கலை. அரிசி களைஞ்சாலும் ஏரிகிட்டப் பேச்சு, துணி அலசினாலும் ஏரிகிட்டப் பேச்சு. எங்கூர் உப்புத் தண்ணி, காஞ்சு கெடக்கற காடு, என்ற கெணறு, என்ற வாய், எல்லாத்தையும் சொல்லியிருக்கா.

நாலாம் நாள் கெளம்பறப்ப சின்னக்காமுவை "ஒருக்கா ஊட்டுக்கு வாங்க"ன்னு கூப்புட்டா. கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்த மூணு பேரைக் கூப்புட்டா. அவிய கட்டியிருந்த ஆட்டைக் கூப்புட்டா. பொறகு கரையில குனிஞ்சு தண்ணியைத் தொட்டு, "நீயும்தான் எத்தனை காலத்துக்கு இப்படி ஒரே எடத்துல கெடப்பே, ஒருக்கா எங்க ஊட்டுக்கு வா சாமி, வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ"ன்னு சொன்னா. ஏரியை அதுவரைக்கும் யாரும் கூப்புட்டதில்லை.

மூணாவது கொண்டையூசி வளைவுல தெய்வசிகாமணி கண்ணாடியைப் பாத்துட்டு, "கோகிலா, பின்னாடி ஏரி வருது"ன்னாரு.

"நாந்தாங்க கூப்புட்டேன். மெதுவாப் போங்க, அதுக்குத் திரும்ப எடம் வேணுமில்ல," அப்படின்னா அவ.

ஏரி நல்லபடியாத்தான் வந்துச்சாம். அல்லிப்பூ, மீனு, தவளை, கரையில கட்டியிருந்த ஒரு பரிசல், எல்லாத்தையும் சிந்தாம எடுத்துக்கிட்டு, எதுக்க பஸ் வந்தா ஒதுங்கி வழி விட்டு, மேடு வந்தா கொஞ்சம் மூச்சு வாங்கி, அவிய டீ குடிக்க நிறுத்தின எடத்துல ரோட்டோரமாப் புளியமரத்து நெழல்ல நின்னு, திரும்பவும் பின்னாடியே வந்துச்சாம். அடிவாரத்துச் செக்போஸ்டுல இருந்தவரு வண்டிக்கு ஒருக்காவும் ஏரிக்கு ஒருக்காவும் கட்டையைத் தூக்கி விட்டாரு.

எங்கூருக்கு வந்து சேர்றப்ப மணி நாலு. நான் மில்லு வாசல்ல சோளம் பொடைச்சுக்கிட்டு இருந்தேன். வண்டி உள்ள போச்சு, ஏரி மட்டும் வேலியில வழி விட்டிருக்கற கடவுகிட்டயே நின்னுக்குச்சு, 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம உள்ள வரமாட்டேங்கற மாதிரி. கோகிலா ஊட்டுக்குள்ள ஓடி, சொம்பு நெறையாப் போர்த் தண்ணி மொண்டுக்கிட்டு வந்து, "வா சாமி, வா, களைச்சுப் போயிருப்பே"ன்னு ரெண்டு கையிலயும் நீட்டினா. அந்த உப்புத் தண்ணியை அவ்வளவு பெரிய ஏரி வாங்கிக் குடிச்சுச்சு. மொகம் சுளிக்கலை. நான் மொறத்தைக் கீழ வெச்சுட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன்.

ஊட்டுக்குப் பின்னாடி அவியளுக்கு மூணு ஏக்கரா மேச்சக்காடு, சுத்தி கிளுவை வேலி, நடுவுல ரெண்டு வேலமரம், பாதி காஞ்ச கொழுக்கட்டைப் புல்லு. அங்கதான் எடம் காட்டினாங்க. ஏரி மெதுவாப் போயி, வேலமரத்துக்கு வலிக்காமச் சுத்தி வந்து, ஒரு பெருமூச்சு விட்டு உக்காந்துச்சு.

அன்னிக்குப் பொழுதுக்குள்ள ஊரே வந்துருச்சுங்க. வெறுங்கையோட ஒறம்பரையைப் பாக்கப் போகக்கூடாதில்ல, ஒருத்தர் தேங்காய், ஒருத்தர் முறுக்கு, ஒருத்தர் முருங்கைக்காய்க் கட்டு, பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து ஒரு துண்டை எடுத்துட்டு வந்து, யாருக்குப் போத்தறதுன்னு தெரியாம வேலமரத்துல கட்டினாரு. ஏரி எந்த வகையில சொந்தம்னு ஒரு பேச்சு வந்துச்சு. தெய்வசிகாமணி வழியில பங்காளியா, கோகிலா வழியில மாமன் மச்சானான்னு ரெண்டு நாள் வாதம் பண்ணி, கடைசியில கோகிலாவோட அக்கா மொறைன்னு முடிவாச்சு. அதுக்கப்பறம் ஆம்பளைக கரையில வேட்டியை எறக்கிக் கட்டிக்கிட்டுத்தான் நடந்தாங்க.

மூணாம் நாள்ல இருந்து வெடியால ஊருக்குள்ள பனி எறங்க ஆரம்பிச்சுச்சு. பங்குனி வெயில் வர்ற நேரத்துல சடையம்பாளையத்துக்காரங்க தாராபுரம் போயி ஸ்வெட்டர் கேட்டா கடைக்காரன் என்ன நெனைப்பான், ஆனா கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க, தலைவர் செவப்புக் குல்லாக்கூட வாங்கினாரு. எருமைக தண்ணிக்குள்ள எறங்கினது எறங்கினதுதான், கறக்கறதுக்குப் போசியைத் தூக்கிக்கிட்டுப் பொம்பளைக பரிசல்ல போனாங்க. முப்பது வருசமா நீச்சல் மறந்து போயிருந்த ஆம்பளைக வேலமரத்துல இருந்து குதிச்சாங்க. எங்கூர்ல பேச்சுவார்த்தை இல்லாம இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரே பரிசல்ல மாட்டிக்கிட்டு, அது நடுவுல போயிச் சுத்த ஆரம்பிச்சதும், வேற வழியில்லாமப் பேசிக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா புள்ளைகளைக் கரையில உக்கார வெச்சுப் பாடம் எடுத்தாங்க, தவளை கத்தறப்ப மட்டும் நிறுத்திக்குவாங்க. வந்தது ஏரின்னு அப்பறம் யாரும் யோசிக்கவே இல்லை, ஊருக்கு ஒரு நல்ல ஒறம்பரை வந்திருக்குது, அவ்வளவுதான்.

அஞ்சாம் நாள் வெடியால என்ற கெணத்துல தண்ணி. நான் எட்டிப் பாக்கறேன், என்ற மொகம் கீழ தெரியுது. இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி பாத்த மொகம் இது இல்லைன்னு ஒரு நிமிசம் சங்கடமா இருந்துச்சு, அப்பறம் வாளியை எறக்கிட்டேன். வாயில வெச்சா உப்பே இல்லை. உள்ள போயிக் காப்பி வெச்சேன். ஒரு டம்ளர் குடிச்சேன், ரெண்டு குடிச்சேன், மூணாவது டம்ளர் குடிக்கறப்ப அழுதுட்டேன். தனியாத்தான் குடிச்சேன், யாரையும் கூப்புடணும்னு அப்பவும் தோணலை.

ஆறாம் நாள் மத்தியானம் மூணு பஸ் மாறி சின்னக்காமு வந்து எறங்கினா. தோள்ல ஒரு பை பூண்டு, கையில அந்தப் பரிசலோட துடுப்பு. நேரா ஏரிக்குப் போகலை. கோகிலா ஊட்டுக்குள்ள போயி, குடுத்த தண்ணியைக் குடிச்சு, சோறு தின்னு, வண்டியோட கதவு நல்லா இருக்கான்னு விசாரிச்சு, எல்லா மொறையும் முடிஞ்சதுக்கப்பறம்தான் வாயைத் தெறந்தா. நானும் அங்கதான் இருந்தேன்.

"சண்டைக்கு வரலக்கா. நீங்க கூப்பிட்டீங்க, அது வந்துச்சு, ஒங்க மேலயும் தப்பில்ல, அது மேலயும் தப்பில்ல. எங்களையும்தான் கூப்பிட்டீங்க, நாங்க வந்தோமா. ஆனா அங்க வெறும் சேறாக் கெடக்கு. காட்டுமாடு தெனமும் வந்து, கரையில நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போகுது. பூண்டு பல்லுப் பிடிக்கிற நேரம். இன்னும் நாலு நாள்ல தண்ணி பாயலேன்னா நாப்பது வீட்டுக்கும் இந்த வருசம் ஒண்ணும் இல்ல."

கோகிலா மொகம் செத்துப் போச்சு. "நாலு நாள் இருந்துட்டுப் போன்னுதாங்க நான் கூப்புட்டேன், அது நாள் எண்ணலை போல இருக்குது," அப்படின்னு சொன்னா.

இப்ப சிக்கல் என்னன்னா, ஒறம்பரையைப் 'போ'ன்னு எங்க பக்கம் சொல்லமுடியாதுங்க. ஒரு மாசம் இருந்தாலும், ஒரு வருசம் இருந்தாலும், 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே'ன்னுதான் சொல்லணும். 'போ'ங்கற வார்த்தையைச் சொல்லிட்டா அப்பறம் அந்த ஊட்டுக்கு மரியாதை இல்லை. அன்னிக்குச் சாயங்காலம் கோயில் முன்னாடி கூட்டம் போட்டாங்க. தலைவர் குல்லாயைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, "நாம புடிச்சு வெக்கலையே, அதுவா இருக்குது, நம்ம ஊர் அதுக்குப் புடிச்சிருக்குது, நாம என்ன பண்றது"ன்னாரு. அவரு கெணத்துலயும் தண்ணி வந்திருந்துச்சு. 'ஆமாமா'ன்னு எல்லாரும் தலையாட்டினாங்க. எல்லாரையும் விடச் சத்தமா 'ஆமா' போட்டது நாந்தான். சின்னக்காமு அந்தக் கூட்டத்துல ஒரு ஓரமாத் துடுப்பை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

ஏழாம் நாள் கோகிலாவும் தெய்வசிகாமணியும் ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. வண்டி பின்னாடியேதானே வந்துச்சு, திரும்ப அந்த மாதிரியே கூட்டிட்டுப் போயிரலாம்னு வண்டியை எடுத்துக்கிட்டு தாராபுரம் ரோட்டுல மெதுவாப் போனாங்க. பத்து மைல் போயித் திரும்பிப் பாத்தா ரோடு காலி. ஊட்டுக்காரங்க வெளிய போனா நல்ல ஒறம்பரை என்ன பண்ணும், ஊட்டைப் பாத்துக்கும். ஏரி கடவு வரைக்கும் நகந்து வந்து, கோழியெல்லாம் அடைஞ்சிருச்சான்னு பாத்துக்கிட்டு, வாசலுக்குக் காவலா உக்காந்திருந்துச்சு. திரும்பி வந்து அதைப் பாத்ததும் கோகிலா சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா. "எவ்வளவு நல்லதுங்க இது, இதைப் போயி நான் எப்படிங்க அனுப்புவேன்"ன்னு அவரு தோள்ல சாஞ்சுக்கிட்டா.

அவரு வண்டிக் கதவைத் தெறந்து மூடி, தெறந்து மூடி, அந்த முனகலைக் கேட்டுக்கிட்டே யோசிச்சாரு. "கோகிலா, உன்ற ஊட்டுல ஒறம்பரை இருக்கறப்ப நீ என்னிக்காச்சும் வெளிய போயி உக்காந்திருக்கியா?"

"அதெப்படிங்க, ஒறம்பரை வர்றாங்கன்னா நான் எங்க இருந்தாலும் ஓடியாந்துர மாட்டனா. ஊடு கூட்டணும், ஒலை வெக்கணும்."

சொல்லிட்டு அவளே நிமுந்து பாத்தா.

எட்டாம் நாள் வெடியால இருந்து கோகிலா ஊடு ஊடா ஏறி எறங்கினா. வெள்ளிக்கெழமை ஊரோட நெல்லிவரைக்குப் போறோம், ஏரி ஊட்டுக்கு ஒறம்பரையாப் போறோம், வர்றீங்களா வரலியா, அதை மட்டும் சொல்லுங்கன்னு கேட்டா. அவ சொன்ன காரணம் இது: நாங்க ரெண்டு பேரு மட்டும் வர்றோம்னா ஏரி அவசரப்படாது, ரெண்டு பேருக்கு என்ன பெரிய ஏற்பாடுன்னு உக்காந்துக்கும்; ஊரே வருதுன்னாத்தான் பதறிக்கிட்டு தன்ற ஊட்டைக் கூட்ட முன்னாடி ஓடும். ஆனா சும்மா வாயில சொல்லி ஏமாத்த முடியாது, சொன்னாப் போகணும், ஒரு ஊடு கொறைஞ்சாலும் அதுக்குத் தெரியும், இத்தனை நாள்ல எல்லார் மொகமும் அதுக்குப் பழகிப் போச்சு.

என்ற மில்லுக்கும் வந்தா. "சுந்தராயக்கா, வர்றீங்களா?"

"வரலை," அப்படின்னேன். "உனக்கு மோரு இருக்குது. எனக்கு இப்பத்தான் காப்பி வந்திருக்குது. வேற ஆளைப் பாரு."

அவ என்ற மாவுக் கூடையை நவுத்தி வெச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மத்தியானம் போல சின்னக்காமு மில்லு வாசல்ல வந்து நின்னா. ஒண்ணும் கேட்டு வரலை, வெயில்ல நடந்தவ நெழலுக்கு ஒதுங்கினா, மலைக்காரிக்கு எங்கூர் வெயில் பழக்கமில்லை. ஒதட்டுல வெடிப்பு. எனக்கு என்ன தோணுச்சோ, உள்ள வந்து உக்காருன்னு சொல்லி, காப்பி வெச்சுக் குடுத்தேன். பதினெட்டு வருசத்துல என்ற ஊட்டுல இன்னொரு மனுசிக்கு நான் குடுத்த மொதக் காப்பி. ஒரு வாய் குடிச்சா. டம்ளரைக் கீழ வெக்கலை. கண்ணை மூடிக்கிட்டா.

"எங்க தண்ணி," அப்படின்னா. "எங்க வீட்டுல காப்பி இப்படித்தான்க்கா இருக்கும்." குறை சொல்ற மாதிரி சொல்லலீங்க. ஊட்டு நெனப்பு வந்தவ சொல்ற மாதிரி சொன்னா. மிச்சத்தை மடக்கு மடக்காக் குடிச்சு முடிச்சு, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க"ன்னு டம்ளரை என்ற கையில குடுத்தா.

அந்த டம்ளரை நான் ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ ஊட்டுத் தண்ணியில காப்பி வெச்சு அவளுக்கே குடுத்துட்டு, அவகிட்ட நல்ல பேரும் வாங்கிக்கிட்டேனேன்னு எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. மில்லை நிறுத்திட்டு எதுத்த ஊட்டுக்குப் போயி, "வெள்ளிக்கெழமை எத்தனை மணிக்கு பஸ்"ன்னு கேட்டேன். நாந்தான் கடைசி ஊடு. மத்த எல்லாரும், தலைவரு உள்பட, எனக்கு முன்னாடியே வர்றோம்னு சொல்லியிருந்தாங்க. அவரு சொன்ன காரணம், குல்லா வாங்கியாச்சு, போடறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல.

ஒம்பதாம் நாள் ஊரே கரையில கூடி நின்னோம். கோகிலா குனிஞ்சு தண்ணியைத் தொட்டு, "சாமி, வெள்ளிக்கெழமை நாங்க ஊரோட உன்ற ஊட்டுக்கு வர்றோம், நாப்பத்திரண்டு ஊட்டு ஆளும் வர்றோம், ஒரு நாள் பூரா இருக்கற மாதிரி வர்றோம்"ன்னா.

ஏரி அங்க நின்ன ஊரை ஒரு சுத்து பாத்துச்சு. பொறகு பதறுச்சு பாருங்க, அந்தப் பதட்டத்தை நான் எத்தனையோ பொம்பளைககிட்டப் பாத்திருக்கறேன். அல்லிப்பூவை வாரிச் சுருட்டுச்சு, மீனெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்குச்சு, எருமைகளை மெதுவாக் கரையில தள்ளி விட்டுச்சு, தவளைக கத்திக்கிட்டே குதிச்சு ஏறிக்குச்சுக. சின்னக்காமு துடுப்போட பரிசல்ல ஏறி உக்காந்தா, மூணு பஸ் மாறற வேலை மிச்சம்னு சொல்லிக்கிட்டே. சொல்லிக்கக்கூட நேரமில்லாம ஏரி கடவைத் தாண்டி ரோட்டுல ஏறுச்சு. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே"ன்னு கோகிலா மொறைக்குச் சொன்னா, சொல்லிட்டு உடனே வாயைப் பொத்திக்கிட்டா. பின்னாடியே முருங்கைக்காய்க் கட்டோட ஓடினா, வெறுங்கையோட அனுப்பக் கூடாதில்ல. வளைவு திரும்பறப்ப ஒரு அலை நீண்டு வந்து அந்தக் கட்டை வாங்கிக்குச்சு.

மேச்சக்காடு பூரா ஈரமாக் கெடந்துச்சு. கெணத்துல விட்ட தண்ணியை அது திருப்பி எடுத்துக்கலை.

வெள்ளிக்கெழமை முன்னாடி வண்டி, பின்னாடி ரெண்டு பஸ், எல்லாரும் ஸ்வெட்டரோட போயி எறங்கினோம். ஏரி கரையை விட்டு ரோடு வரைக்கும் ஏறி வந்து வழியிலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. உள்ள பாத்தா, கரையெல்லாம் கூட்டிச் சுத்தம் பண்ணி, அல்லிப்பூவை வரிசையா வெச்சு, நாவமரத்தடியில வண்டி நிறுத்தற எடத்துல ஒரு எலை தழை இல்லாம வெச்சிருந்துச்சு. பூண்டுக் காட்டுல தண்ணி பாஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தம் ஒவ்வொரு பாத்தியிலயும் கேட்டுச்சு. தூரத்துல காட்டுமாடுக தலையைக் குனிஞ்சு குடிச்சுக்கிட்டு இருந்துச்சுக. சின்னக்காமு ஊட்டுல முருங்கைக்காய்க் கொழம்பு. நான் கையோட கொண்டு போன சொம்பை நீட்டினேன், ஏரி நெறைச்சுக் குடுத்துச்சு, வாயில வெச்சேன், அதே ருசி. அன்னிக்கு நாள் பூரா நாங்க சிரிச்ச சிரிப்பு அந்தச் சோலை பூராக் கேட்டிருக்கும். தெய்வசிகாமணியும் கோகிலாவும் அந்த ரெண்டு நாற்காலியைப் போட்டுக் கம்பளிக்குள்ள உக்காந்தாங்க, கையைக் கோத்துக்கிட்டுத்தான், இந்தத் தரம் நானே பாத்தேன்.

சாயங்காலம் கெளம்பற நேரம் வந்ததும் எல்லாரும் கோகிலாவைத்தான் பாத்தோம். அவளுக்கும் தெரியும். சேலை முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டு, வார்த்தை உள்ளுக்குள்ள முட்ட முட்ட, கண்ணுல தண்ணியோட வண்டிப் படியில நின்னா. அவரு அவ முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டே மெதுவா உள்ள ஏத்தினாரு.

நான் சின்னக்காமுகிட்டப் போனேன். "பூண்டு எப்ப எடுப்பீங்க?"

"வைகாசி மொதல்லக்கா."

"எடுத்ததுக்கப்பறம் ஒரு நாலு நாள் இது இல்லாம இருந்துக்குவீங்களா?"

அவ என்னைப் பாத்தா, வண்டியைப் பாத்தா, அப்பறம் சிரிச்சா. "அஞ்சாவது நாள் நானே துடுப்போட வந்து நிப்பேன்."

நான் கரைக்குப் போயி முழங்கால் நனைய எறங்கிக் குனிஞ்சேன். பின்னாடி பஸ்ஸுல ஊரே பாக்குது. எனக்கு மெதுவாப் பேச வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. "பூண்டு எடுத்தப்பறம் ஒருக்கா எங்க ஊட்டுக்கு வா சாமி," அப்படின்னேன். "கோகிலா ஊட்டுக்கு இல்லை. என்ற ஊட்டுக்கு."

இது வைகாசிங்க. ஏரி பழனி தாண்டிருச்சுன்னு மத்தியானம் போன்ல சொன்னாங்க. என்ற கெணத்துல தண்ணி தீந்து ரெண்டு வாரமாச்சு, திரும்பவும் போர்த் தண்ணிதான். மில்லை நேரத்துலயே நிறுத்திட்டேன், வாசல் கூட்டியாச்சு, சொம்பைப் புளி போட்டு வெளக்கி வெச்சாச்சு. கோகிலா ரெண்டு தரம் வந்து, "அக்கா, நான் வேணா மோரு கொண்டாரட்டுமா"ன்னு கேட்டுட்டுப் போனா. வேண்டாம்னுட்டேன். உப்புக் காப்பிதான் போட்டிருக்கறேன், பெரிய போசியில, அது ஒண்ணும் நெனைச்சுக்காது.